மாற்றுப் புரதத்தின் வரலாறு

புரதம் என்னும் சொல்லை இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறியும். உடலை வளர்ப்பது புரதம். பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் மீனிலும் அது மிகுதி. வளரும் குழந்தைக்கு அது தவறாமல் வேண்டும். இவ்வளவையும் ஆம்பூர் வட்டாரத்துப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். விதி உண்மையானதே. ஆயின் இந்த விதிக்குப் புறம்பான குழந்தைகள் சிலர் உலகில் பிறக்கின்றனர். அவர்களுக்குத் தாய்ப்பாலில் உள்ள புரதமே மூளையைக் கெடுக்கும் நஞ்சாகிறது. புரதம் கொடுத்தாலும் கேடு, கொடாவிட்டாலும் கேடு என்ற நெருக்கடியில் நிற்கும் அக்குழந்தைகளுக்கு ஒரு மாற்றுப் புரதத்தை மனிதர் எவ்வாறு தேடிக் கண்டனர், கண்டதை எவ்வாறு சோதித்தனர் என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருளாகும்.

நோயைப் பற்றிச் சொல்லுமுன் புரதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பகுதி தோலுக்குப் பேர்பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகளை அறியாத பிள்ளை இல்லை. தோல் என்பது என்ன? நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதமே. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரைக் களைந்து, சதையைச் சீவி, ஓரங்களை நறுக்கிப் போடுகின்றனர். அந்த நறுக்குகளை நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சினால் தச்சர் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வஜ்ஜிரம் கிடைக்கும். அதனையே தூய முறையில் எடுத்தால் அது ஜெலட்டின். இனி, பதனிட்ட தோலுக்கு மெருகேற்றும் பூச்சுகளில் கேசீன் என்னும் பொருளைச் சேர்ப்பதுண்டு. அது பாலின் புரதம். தோலின் புரதம், பாலின் புரதம் ஆகிய இவ்விரண்டுமே நமது வரலாற்றில் முக்கியமான பங்கு கொள்கின்றன.

முதலில் தோலின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் மாநகரத்து ஏழைகளுக்கு இறைச்சி எட்டாத பொருளாயிருந்தது. தார்சே என்னும் இரசாயன அறிஞர் எலும்பிலிருந்து ஜெலட்டினைப் பிரித்தெடுத்து அதனைக் கொண்டு மலிவான சூப்பு காய்ச்சலாம் என்று முன்வந்தார். இறைச்சியில் நைட்ரஜன் உண்டு. ஜெலட்டினிலும் நைட்ரஜன் உண்டு. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகும் என்பது அன்றைய வாதம். கணக்கு நேர்த்தியானது. மருத்துவமனைகளிலும் தருமச் சாலைகளிலும் இந்தச் சூப்பை ஊற்றினார்கள். உண்டவர்களோ முணுமுணுத்தனர். பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் இதனை ஆராய ஒரு குழுவை நியமித்தது. மாஜெந்தி என்னும் புகழ்பெற்ற உடலியல் அறிஞர் அதன் சார்பில் 1841-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். ஜெலட்டினை மட்டுமே உணவாகப் பெற்ற நாய்கள் மெலிந்து நலிந்தன என்பதே அதன் சாரம். தருமம் செய்ய வந்தவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை சொல்லமாட்டேன்; ஆயினும் ஏழையின் தட்டில் ஊற்றுவதற்கு முன்னரல்லவா இந்தச் சோதனை நடந்திருக்கவேண்டும்?

ஜெலட்டின் ஏன் தோற்றது என்பதற்கு விடை கிடைக்க மேலும் அறுபதாண்டுகள் சென்றன. புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகளால் ஆனவை. அவை ஏறத்தாழ இருபது வகை. அவற்றுள் ஒன்பது வகையை நம் உடல் தானே செய்துகொள்ள இயலாது. உணவின் வழியாகவே பெறவேண்டும். 1901-இல் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்பவர் கோல் என்னும் துணைவருடன் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். ஜெலட்டினில் இந்த டிரிப்டோபேன் அறவே இல்லை. ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்ற எட்டும் பயன்படாமற் போகின்றன. அச்சகத்தில் ஓர் எழுத்து மட்டும் தீர்ந்துபோனால் முழுப் பக்கமும் நின்றுவிடுவதுபோல என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம்.

இது பழங்கதை என்று எண்ணவேண்டா. 1970-களின் நடுவில் அமெரிக்காவில், உடல் இளைப்பதற்கென்று ஒரு திரவப் புரதம் கடைகளில் விற்பனையாயிற்று. தோலையும் தசைநாண்களையும் சிதைத்து எடுத்த கொலாஜனே அதன் சரக்கு. வேறு உணவின்றி அதனையே பல வாரங்கள் பருகியவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் 1977-ஐ ஒட்டி மாண்டதாகக் கணக்கெடுத்தனர். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம் நேர்ந்தது. மாஜெந்தியின் நாய்கள் கற்பித்த பாடத்தை நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து மனிதர் மறுபடியும் கற்றனர்.

நம் நாட்டில் புரதம் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலம் பற்றாக்குறையைச் சுற்றியே நடந்தது, அது இயற்கையே. குன்னூரில் இயங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார், புரதக் குறையால் உடல் வீங்கிய குழந்தைகளைப் பாலுக்குப் பதிலாகப் பயறு வகைகளாலும் தேற்ற முடியுமா என்று சோதித்தனர். 1950-இல் தொடங்கிய மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், முக்கால் பங்கு நிலக்கடலை மாவும் கால் பங்கு கடலைப் பருப்பு மாவும் கலந்து பல்நோக்கு உணவு என்று ஒன்றை உருவாக்கியது. வேலூரில், ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900-இல் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியின் வழியில் வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், ஷீலா பெரேரா, அல்மாஸ் பேகம் முதலிய ஆய்வாளர்கள், கோதுமையில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கொடுத்தால் பள்ளி செல்லாச் சிறாரின் வளர்ச்சி எவ்வாறிருக்கும் என்று அளந்து 1969-இல் வெளியிட்டனர். பின்னர் அரிசிக்கும் அத்தகைய ஆய்வு நடந்தது. அந்த ஆய்வுகளின் கேள்வி, இல்லாததைச் சேர்ப்பது எப்படி என்பது. நான் சொல்லப்போகும் நோய்களின் கேள்வி அதற்கு நேர்மாறானது. இருப்பதை எடுப்பது எப்படி?

அந்தக் கேள்வியின் தொடக்கம் இலண்டனில் இருக்கிறது. ஆர்ச்சிபால்ட் கராட் என்னும் மருத்துவர், சிறுநீர் கறுத்துப்போகும் ஓர் அரிய குறையை ஆராய்ந்து 1902-இல் ஒரு கட்டுரை எழுதினார். அக்குறையுள்ளோரின் பெற்றோர் பலர் நெருங்கிய உறவினர் என்பதைக் கண்டு, இது கிருமியால் வருவதன்று, பரம்பரையாக வருவது. உடலின் இரசாயனத் தொடரில் ஒரு கண்ணி பிறவியிலேயே அறுந்திருப்பது என்று உரைத்தார். அன்று அதனைக் கேட்டவர் சிலரே.

அடுத்த காட்சி நார்வே நாடு. அங்கே ஒரு தாய்க்கு இரண்டு குழந்தைகள். இரண்டும் பிறக்கும்போது நன்றாயிருந்து, பின்னர் அறிவு வளராமல் நின்றவை. குழந்தைகளிடம் ஒருவகை மக்கிய வாடை வீசுவதை அத்தாய் கவனித்தார். மருத்துவர்கள் பலர் கைவிரித்தும் அவர் விடவில்லை. இறுதியாக அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரை அடைந்தார். ஃபோலிங் மருத்துவத்தோடு இரசாயனமும் பயின்றவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பின் கரைசலைச் சில துளிகள் விட்டார். வழக்கமாக வரும் நிறம் வரவில்லை. பசுமை நிறம் தோன்றிச் சற்று நேரத்தில் மங்கியது.

இங்கே ஒரு சிறு விலகல். இந்த இரும்பு உப்பு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆவாரம்பட்டை ஊறிய நீரில் இதனை விட்டால் பச்சை கலந்த கருமையும், கடுக்காய் நீரில் விட்டால் நீலம் கலந்த கருமையும் தோன்றும். தோல் பதனிடும் துவர்ப்புச் சத்து எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய இது ஓர் எளிய சோதனை. பள்ளியின் சிறு ஆய்வகத்தில் இதனைச் செய்துகாட்டும்பொழுதெல்லாம், இதே புட்டியிலுள்ள திரவம்தான் நார்வேயில் ஒரு நோயைக் கண்டுபிடித்தது என்று சொல்வேன். கடைசி வரிசைப் பையன்களும் தலைநிமிர்ந்து கேட்பார்கள்.

ஃபோலிங் நிறத்தோடு நின்றுவிடவில்லை. அத்தாய் கொண்டுவந்து கொடுத்த சிறுநீர் இருபது லிட்டருக்கு மேல் இருக்கும். அதிலிருந்து பசுமை நிறம் தந்த பொருளைப் பிரித்து, அது பினைல் பைருவிக் அமிலம் என்று நிறுவினார். அறிவு வளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் 430 பேரைச் சோதித்து மேலும் எட்டுப் பேரிடம் அதே பொருளைக் கண்டார். 1934-இல் அவர் வெளியிட்ட கட்டுரையால் பினைல் கீட்டோனூரியா என்று பின்னர்ப் பெயர்பெற்ற நோய் உலகுக்குத் தெரிந்தது. அதன் உட்பொருள் இது: பினைல் அலனின் என்பது ஒன்பது இன்றியமையா அமினோ அமிலங்களுள் ஒன்று. நம் உடல் தேவைக்கு மிஞ்சிய பினைல் அலனினை டைரோசின் என்னும் வேறொன்றாக மாற்றிவிடுகிறது. அம்மாற்றத்தைச் செய்யும் நொதி இக்குழந்தைகளின் கல்லீரலில் செயலற்றுக் கிடக்கிறது. மிஞ்சியது இரத்தத்தில் தேங்கி, வளரும் மூளையைத் தாக்குகிறது. தோலுக்கும் மயிருக்கும் கருமை தரும் பொருள் டைரோசினிலிருந்தே பிறப்பதால், இக்குழந்தைகளின் தலைமயிர் தம் உடன்பிறந்தாரினும் வெளிறியிருப்பதும் உண்டு.

காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. பினைல் அலனின் இல்லாத இயற்கைப் புரதம் உலகில் எங்கும் கிடைக்காது என்றே அன்று கருதினர். பால், பருப்பு, அரிசி, கறி எல்லாவற்றிலும் அது உண்டு. பாலின் கேசீனில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு அதுவே.

இனி இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். 1950-ஐ ஒட்டி அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஹார்ஸ்ட் பிக்கெல் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர் பணிபுரிந்தார். பதினேழு மாதப் பெண்குழந்தை ஒன்றுக்கு இந்நோய் இருப்பதாக அவரும் ஜெரார்ட், ஹிக்மன்ஸ் என்னும் துணைவரும் கண்டறிந்தனர். குழந்தை நிற்கவில்லை, நடக்கவில்லை, தாயையும் அறியவில்லை, ஓயாது அழுதது, தலையை மோதிக்கொண்டது. நோயின் பெயரைத் துல்லியமாகச் சொன்னதில் மருத்துவர்க்குப் பெருமைதான். தாய்க்கு அந்தப் பெருமையால் என்ன பயன்? நாள்தோறும் காலையில் வந்து நின்று, என் குழந்தைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். கேட்டுக் கேட்டே பிக்கெலை வேலையில் இறக்கினார். இந்த வரலாற்றில் நார்வேயில் ஒரு தாய், இங்கிலாந்தில் ஒரு தாய். பட்டம் பெற்றவர்களைத் தூண்டி நடத்தியவர்கள் இவ்விருவருமே என்பது என் கருத்து.

இலண்டனில் லூயி உல்ஃப் என்னும் இரசாயன அறிஞர் ஒரு வழி வகுத்திருந்தார். கேசீனை அமிலத்தால் சிதைத்து அமினோ அமிலங்களாகப் பிரிக்கவேண்டும். அந்தக் கரைசலை வீரியமூட்டிய கரியின் ஊடே வடியவிடவேண்டும். பினைல் அலனினைக் கரி பற்றிக்கொள்ளும். ஆனால் டைரோசினையும் டிரிப்டோபேனையும் சேர்த்தே பற்றிக்கொள்ளும்; ஆகவே அவற்றைத் திரும்ப அளந்து கலக்கவேண்டும். பாரிஸ் சூப்பில் விடுபட்ட அதே டிரிப்டோபேனை இங்கே மறவாமல் சேர்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கிருமி வளராதிருக்கக் குளிரறையில் நின்றுகொண்டே பிக்கெலும் துணைவரும் இந்த வடிகட்டலைச் செய்தனர். கிடைத்த உணவு நாற்றமும் கைப்பும் உடையது. குழந்தைக்கு அதனை ஊட்டினர்.

முதலில் பினைல் அலனினை முற்றிலும் நீக்கிப் பார்த்தனர். இரத்தத்தில் அதன் அளவு இறங்கியது. ஆனால் குழந்தையின் எடையும் இறங்கியது! வெளியிலிருந்து வராத அமினோ அமிலத்துக்காக உடல் தன் தசையையே கரைத்துக்கொண்டது. எது நஞ்சோ அது இன்றியமையாததும் ஆகும். சிறிதளவு பாலைக் கலந்து, நாளொன்றுக்கு அரைக் கிராமுக்கு மேற்படாமல் பினைல் அலனின் கிடைக்கும்படி செய்த பிறகே எடை ஏறியது. பின்னர்ச் சில மாதங்களில் குழந்தை தவழ்ந்தது, நிற்கப் பழகியது, கண்ணில் தெளிவு வந்தது, தலைமயிர் கருத்தது, அழுகை ஓய்ந்தது.

இது உணவால் நேர்ந்ததா, அன்றி வயது ஏறியதால் தானே நேர்ந்ததா? ஐயப்படுவோர் இருப்பர் என்பதை பிக்கெல் அறிவார். தாயிடம் சொல்லாமலே அந்த உணவில் பினைல் அலனினைக் கலந்து அனுப்பினார். சில மணி நேரத்திற்குள் குழந்தை அழத்தொடங்கித் தலையை மோதிக்கொண்டது. ஒரு நாளைக்குள் நிற்கவும் இயலாது போயிற்று. பத்து மாதத்தில் ஏறிய படிகளிற் பெரும்பாலும் இறங்கிவிட்டது. பின்னர் உண்மையைச் சொல்லித் தாயின் இசைவைப் பெற்று மருத்துவமனையில் அதே சோதனையை மீண்டும் நடத்திப் பதிவு செய்தனர். 1953-இல் கட்டுரை வெளியாயிற்று. உணவை மாற்றிப் பிறவி மூளைக்கேட்டைத் தடுக்கலாம் என்பதற்கு அது மறுக்க முடியாத சான்றாயிற்று.

மாணவர்கள் இவ்விடத்தில் நின்று சிந்திக்கவேண்டும். தாய் அறியாமல் குழந்தையின் உணவில் கேடு விளைப்பதைக் கலந்தது முறையா? 1964-இல் ஹெல்சிங்கியில் உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிகளின்படி இன்று அது நடக்கலாகாது. அதனை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆயினும் அந்தச் சான்று இல்லாவிடில் மருத்துவ உலகம் எத்தனை ஆண்டு தயங்கியிருக்கும், அதற்குள் எத்தனை குழந்தைகள் கெட்டிருக்கும் என்ற எண்ணமும் என்னை விட்டு அகலவில்லை. தாயிடம் முன்பே கேட்டிருந்தால் அவர் இசைந்திருப்பார் என்றே நம்புகிறேன். இரண்டாம் முறை இசைந்தாரல்லவா?

அதன்பின் அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் மாவு உருவில் இவ்வுணவு கடைக்கு வந்தது. இராபர்ட் கத்ரி என்பவர் பிறந்த சில நாட்களிலேயே நோயை அறிய ஒரு வழி கண்டு 1963-இல் வெளியிட்டார். குழந்தையின் குதிகாலில் சிறு குத்து. வடிகட்டும் தாளில் ஒரு பொட்டு இரத்தம். உலர்ந்த பொட்டைக் கிருமி வளரும் தட்டில் வைத்தால், பினைல் அலனின் மிகுந்திருப்பின் அதைச் சுற்றிக் கிருமி தழைக்கும். கெட்ட மூளையை உணவு மீட்காது; கெடுமுன் தொடங்கவேண்டும். ஆகவே உணவும் இந்த இரத்தப் பொட்டும் ஒன்றையொன்று விட்டுப் பயன்படுவதில்லை. தொடக்க ஆண்டுகளில் அஞ்சி அஞ்சிப் பினைல் அலனினை மிகக் குறைத்ததால் வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் உண்டு. பர்மிங்காமில் எடை இறங்கிய பாடத்தை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே கற்க வேண்டியதாயிற்று.

நமது நாட்டுக்கு வருவோம். பெற்றோர் இருவரும் குறையுள்ள மரபணுவை ஒவ்வொன்று மறைவாகச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு குழந்தைக்கு நோய் வரக்கூடும். உறவினருள் மணந்தால் ஒரே மரபணுவை இருவரும் சுமந்திருக்கும் வாய்ப்பு மிகுகிறது. மாமன் மகளும், அத்தை மகனும், அக்காள் மகளும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்று போற்றப்படும் நாடு நம் நாடு. வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுந்தர ராவும் இன்பராஜும் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பல்லாயிரம் குடும்பங்களை ஆராய்ந்து 1977-இல் எழுதினார்கள். கிராமங்களில் ஏறத்தாழப் பாதித் திருமணங்களும், நகரத்தில் பத்தில் மூன்றும் உறவுக்குள் நடந்தவை. கருச்சிதைவு முதலியவற்றில் எதிர்பார்த்த அளவு பெருங்கேட்டை அவர்கள் காணவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் 1980-களில் கருநாடகத்தில் அப்பாஜி ராவும் துணைவரும் ஏறத்தாழ ஒரு லட்சம் பச்சிளங் குழந்தைகளின் இரத்தப் பொட்டுகளை ஆராய்ந்தபோது, அமினோ அமிலக் குறைகள் உறவுத் திருமணத்துக் குழந்தைகளிடம் மிகுதியாகத் தென்பட்டன. இவை இரண்டும் முரணல்ல. அரிய நோய் பெருங்கணக்கில் மறைந்துவிடும், தேடினால்தான் அகப்படும்.

பினைல் கீட்டோனூரியா ஐரோப்பியரினும் நம்மிடம் அரிது. அதன் உறவான நோய்கள் பல இங்கு உண்டு. அவற்றுள் ஒன்றை மேல்நாட்டார் மேப்பிள் பாகு நாற்ற நோய் என்கின்றனர். மேப்பிள் மரத்தை நம் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்? ஆனால் அப்பாகின் மணத்துக்குக் காரணமான அதே பொருள் நம் வெந்தயத்திலும் உண்டு. பிறந்த சில நாட்களில் பால் குடிக்காமல் சோர்ந்து, சிறுநீரில் வெந்தய மணமோ கருகிய சர்க்கரை மணமோ வீசும் குழந்தையை உடனே பெரிய மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். அங்கே கேடு செய்வன லூசின், ஐசோலூசின், வாலின் என்னும் மூன்று. மாற்றுப் புரதத்தில் அம்மூன்றையும் விலக்குகின்றனர்.

நம் அடுக்களையில் இக்குழந்தையின் உணவு எவ்வாறிருக்கும்? கடுமையான பினைல் கீட்டோனூரியா உள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குப் பெரும்பாலும் 250 முதல் 350 மில்லிகிராம் பினைல் அலனினே தாங்கும். ஒரு கிராம் புரதத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் உண்டு. ஆக இயற்கை உணவிலிருந்து ஐந்து முதல் ஏழு கிராம் புரதமே பெறலாம். ஒரு தம்ளர் பசும்பாலில் அவ்வளவும் தீர்ந்துவிடும். அல்லது மூன்று இட்லியில் தீர்ந்துவிடும். சாம்பாருக்கு இடமில்லை, தயிருக்கு இடமில்லை; ஆம்பூர் பிரியாணியைப் பற்றிப் பேசவே வேண்டா. சேலத்து ஜவ்வரிசி இங்கே கை கொடுக்கிறது. மரவள்ளிக் கிழங்கின் மாவுப்பொருளாகிய அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். ஜவ்வரிசி உப்புமா, ஜவ்வரிசிக் கூழ், பழங்கள், சில காய்கள் ஆகியவற்றால் வயிறு நிரம்பும். வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்துக்கு மாற்றுப் புரத மாவே கதி. பாட்டி இரக்கப்பட்டு ஒரு பிடி பருப்புச் சோறு ஊட்டிவிட்டால் அடுத்த இரத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும்.

அந்த மாவு நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே வந்தது; அதன் விலை தோல் சாலையில் கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குத் தாங்காது. 2021-இல் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, தனி உணவால் காக்கக்கூடிய இந்நோய்களை ஒரு வகுப்பாகக் குறிப்பிட்டிருக்கிறது. கொள்கை வேலூரின் ஒரு தெருவுக்கும் ஆம்பூரின் ஒரு வீட்டுக்கும் மாவுத் தகரமாக வந்து சேர்வதே காரியம்.

மாற்றுப் புரதத்தின் சோதனை இன்னும் முடியவில்லை. அமினோ அமிலங்களைத் தனித்தனியே செய்து கலக்கும் முறை வந்த பிறகு கரி வடிகட்டலின் தொல்லை தீர்ந்தது. கைப்பும் நாற்றமும் தீரவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை நண்பர்கள் நடுவே அந்தப் புட்டியைத் திறக்க நாணுகிறான், மறைவாகக் கொட்டிவிடுகிறான். பிள்ளைகளோடு வாழ்ந்த எனக்கு இதில் வியப்பில்லை. இந்தத் தொல்லைக்கு விடை மறுபடியும் பாலில் கிடைத்தது. பாலாடைக் கட்டி செய்யும்போது கேசீனின் ஒரு துண்டு பிரிந்து வடிநீரோடு போய்விடுகிறது. கிளைக்கோமேக்ரோபெப்டைடு என்று அதற்குப் பெயர். தூய நிலையில் அதில் பினைல் அலனின் இல்லை! உலகில் இல்லையென்று கருதிய இயற்கைப் புரதம் வடிநீரில் ஓடிக்கொண்டிருந்தது.

இரசாயனக் கணக்கு ஒத்துவந்ததென்று உடனே விற்றுவிட்டார்களா? இல்லை. அதில் டிரிப்டோபேனும் டைரோசினும்கூட இல்லை. வேறு சிலவும் குறைவு. அவற்றை அளந்து சேர்த்தனர். பின்னர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நோயுள்ள பதினொருவரை, அவர்கள் இசைவோடு, எட்டு நாள் மருத்துவமனையில் தங்கவைத்தனர். முதற் பாதியில் பழைய அமினோ அமிலக் கலவை. மறுபாதியில் புதிய புரதம். இரத்தத்தைச் சோதித்தனர், யூரியாவை அளந்தனர், சுவையைப் பற்றியும் கேட்டறிந்தனர். பெரும்பாலோர் புதியதையே விரும்பினர். இரத்தத்தில் பினைல் அலனின் கேடுதரும் அளவில் ஏறவில்லை. 2009-இல் முடிவு வெளியாயிற்று. பதினொருவர் போதுமா என்று கேட்பீர்கள். போதாது, அதனால்தான் முப்பது பேரைக் கொண்டு, ஒவ்வொருவரும் இரண்டு உணவையும் தம் வீட்டிலேயே மாறிமாறி உண்ணும்படி மற்றொரு சோதனை நடத்தி 2016-இல் வெளியிட்டனர். நோய் அரிது, ஆயிரம் பேரைத் திரட்ட இயலாது. எனவே ஒருவரே தமக்குத் தாமே ஒப்பீடாக நிற்கும்படி சோதனையை அமைக்கின்றனர். குழந்தைகளின் மீது நடக்கும் ஆய்வில் எடை, உயரம், இரத்தப் பொட்டு மூன்றையும் மாதக்கணக்கில் குறித்துவருகின்றனர். தாள்மீது உலர்ந்த இரத்தப் பொட்டை அஞ்சலிலும் அனுப்பலாம். விடை வந்ததும், அந்த வாரம் எத்தனை கரண்டி மாவு, எத்தனை கிராம் அரிசிச் சோறு என்று உணவு வல்லுநர் கணக்கிட்டுச் சொல்கிறார்.